இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை

மூன்று நாளாகக் கை நாறுகிறது மாப்ள.

சோப்புப் போட்டாச்சு, எலுமிச்சம்பழம் தேய்த்தாச்சு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி அதற்கு மேல் சீயக்காய்த் தூளும் போட்டாச்சு. போகவில்லை. கடையில் தார்ப்பாயை விரித்துக் காட்டினால், வாங்க வந்தவர் தார்ப்பாயைக் குனிந்து முகர்ந்து பார்க்கிறார். "புதுச் சரக்குதானே அண்ணாச்சி?" என்று கேட்கிறார். வீட்டிலோ உன் தங்கச்சி, அதுதான் நீ தங்கச்சி என்று கூப்பிடுகிற என் சம்சாரம், தட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பேச்சே இல்லை.

பழைய கியர் ஆயில் நாற்றம் உனக்குத் தெரியாததா? கெட்டுப்போன முட்டையை இரும்புச் சட்டியில் வறுத்த மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டு போர்ட்டிகோவுக்குள் நுழைந்தால் முதலில் வருவது அதுதான், அப்புறம்தான் காபி வாசம். இந்த நாற்றத்துக்கு உன்னைத் தவிர வேறு யாரும் ஞாபகத்துக்கு வர வழியே இல்லை.

அதனால் எழுதுகிறேன். கே.கே. நகரில் என் வீட்டிலிருந்து கோச்சடையில் உன் வீட்டுக்கு எம்புட்டுத் தூரம்? ஊருக்குள் புகுந்து போனாலும் அரை மணிதான். அந்த அரை மணியைத் தாண்டி வந்து நேரில் சொல்ல முடியாத ஒரு விஷயத்தை ரெண்டு வருஷமாக வைத்திருந்தேன். நீ கார்த்திகையில் போய்விட்டாய். இது வைகாசி. இப்போது சொல்வதில் உனக்கு ஒரு லாபமும் இல்லை. எனக்குத்தான் ஏதாவது உண்டா என்று பார்க்கிறேன். நான் வியாபாரி, அப்படித்தான் யோசிப்பேன்.

முதலில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குப் பொறாமை. ஏதோ கொஞ்சம் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்புட்டும் பொறாமை. நீ கடைக்குள் கால் வைத்த நாளிலேயே அது ஆரம்பித்துவிட்டது.

பழைய நாளிதழ்களை ஒட்டி, தையல்காரர் பேப்பர் வெட்டுகிற மாதிரி வெட்டி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாய். கடைத் தரையில் விரித்தாய். ஜீப்புக்கு மேல் போடுகிற கூடாரத்தின் முழு அளவு. கண்ணாடி வருகிற இடம், கொக்கி வருகிற இடம் எல்லாம் பென்சிலில் குறித்திருந்தது. வாடிக்கையாளர்கள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். நான் கான்வாஸ் எடுத்துக் காட்டினேன். நீ துணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தைக்கிற நூல் எது?" என்று கேட்டாய்.

"நைலான். யானை கட்டி இழுத்தாலும் அறாது" என்றேன்.

"நைலான் வேணாம்ணே. பருத்தி நூல்தான் வேணும். நனைஞ்சா ஊதும். ஊசி போட்ட ஓட்டைய அதுவே அடைச்சுக்கும். நைலான் ஊதாது, சொட்டிக்கிட்டே இருக்கும்."

மேலூர்ச் சந்தையில் சைக்கிள் கேரியரில் கயிற்றுக் கட்டு வைத்து விற்று ஆரம்பித்தவன் நான். அன்றைக்குத் தார்ப்பாய்த் தொழிலில் இருபது வருஷம் முடித்திருந்தேன். இது எனக்குத் தெரியாது. திரும்பித் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மாஸ்டரைப் பார்த்தேன். "சார் சரியாத்தான் சொல்றாரு மொதலாளி" என்றார்.

"தெரிஞ்சிருந்தா இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

நீ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அன்றோடு போயிருக்கும். ரொம்ப மரியாதையாகத் தாளைச் சுருட்டினாய். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க் என்றாய். ஒரு கிளார்க் என் கடையில் உட்கார்ந்து என் சரக்கைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்துவிட்டுப் போகிறான் என்று அன்று முழுக்க வயிறு எரிந்தது. கூடாரம் தைத்து முடிந்ததும் நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்று சொன்னேன். பெருந்தன்மை என்று நீ நினைத்திருப்பாய். அந்த ஜீப் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன்.

கேவலமான லட்சணத்தில்தான் இருந்தது. ஏதோ ஒரு அரசு இலாகா ஓட்டித் தேய்த்து ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. தரைத் தகடு போய், உட்கார்ந்தால் ரோடு தெரிந்தது. ஆனால் அந்தப் போர்ட்டிகோவைப் பார்த்ததும் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. சுவரோரம் பழைய இட்லித் தட்டுகள் வரிசையாக இருந்தன. கழற்றிய போல்ட்டெல்லாம் கழற்றின வரிசைப்படி குழிக்கு ஒரு ஜோடியாகக் கிடந்தன. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி முறை, பத்மா ஒரு நீள நோட்டிலிருந்து வாசித்தது. நீ வண்டிக்கு அடியில் இருந்தாய். உன் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. உன் கை போகாத இடத்துக்கு பத்மாவின் கை போகும். அது குனிந்து கையை விட்டு எதையோ திருகும். நீங்கள் ரெண்டு பேரும் உங்கள் வீட்டு சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டீர்கள். நடுவில் 'வாஷர்', 'பேரிங்' மட்டும் எனக்குப் புரிந்தது. திடீரென்று ரெண்டு பேரும் சிரித்தீர்கள். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு, வாளி மேலிருந்து ஒரு சிரிப்பு.

"என்ன, என்னையச் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே, இவரு மூஞ்சில ஆயில் சொட்டிருச்சாம், உப்புப் பத்தலயாம்" என்றது பத்மா.

என் வீட்டில் நானும் உன் தங்கச்சியும் கடைசியாக எப்போது சேர்ந்து சிரித்தோம் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

அதற்கப்புறம் வாராவாரம் வந்தேன். அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நீ எப்போது என்னை மாப்ள ஆக்கினாய் என்று ஞாபகமில்லை. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுகிறது என்று ஒரு மாசம் தலையைப் பிய்த்துக்கொண்டாயே, அது ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னேன், பம்பை மாற்று, ஃபில்டரை மாற்று, எல்லாவற்றையும் மாற்று, ஏதாவது ஒன்றில் சரியாகிவிடும் என்று. எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

"எல்லாத்தையும் மாத்தினா வண்டி ஓடும் மாப்ள. ஆனா எதனால நின்னுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்றாய்.

மீன் தொட்டிக்குப் போடுகிற கண்ணாடி மாதிரி டியூப் ஒரு முழம் வாங்கி வந்தாய். டீசல் போகிற குழாயில் நடுவே அதைச் சொருகினாய். இன்ஜினை ஓடவிட்டு மூன்று பேரும் அந்த டியூபையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம். அப்புறம் ஒரே ஒரு குமிழி, மிளகு சைஸில், தயங்கித் தயங்கிப் போனது. பின்னாலேயே இன்னொன்று. பத்மா கை தட்டியது. டீசலோடு காற்று கலக்கிறது, அதனால்தான் நிற்கிறது. எந்த மூட்டில் காற்று நுழைகிறது என்று டியூபை ஒவ்வொரு இடமாக மாற்றிச் சொருகிக் கண்டுபிடித்தாய். கடைசியில் போனது ஒரு தாமிர வாஷர். நகம் அகலம்கூட இல்லை. அன்றைக்கு நீ மூஞ்சியில் காட்டிய சந்தோஷம் இருக்கிறதே, ரெண்டாவது கடை திறந்த அன்று என் மூஞ்சியில் அது இல்லை. போட்டோ இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன்.

அதனால்தான் நானும் ஜீப் வாங்கினேன். உன்னுடையதைவிட நல்ல வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பெரிய டயர், மேலே நாலு விளக்கு, பளபளவென்று பெயின்ட். கை அழுக்காகாமல் பட்டறையில் கொடுத்துச் செய்தேன். மேலூர்ப் பக்கம் கல் குவாரிகளுக்குக் கயிறும் தார்ப்பாயும் கொண்டுபோகத் தேவைப்படுகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். உனக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் தேவை.

காட்டினேன் பார். குவாரிச் சரிவில் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. மேலேயிருந்து லாரி இறங்க முடியவில்லை. குவாரி ஆட்கள் சுற்றி நின்றார்கள். நீ பக்கத்து சீட்டில் இருந்தாய். கீழே இறங்கினாய், பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்னால் போய் டீசல் டாங்க் மூடியைத் திறந்தாய். புஸ்ஸென்று ஒரு சத்தம். டாங்க் மூச்சு இழுத்தது.

"ஒண்ணுமில்ல மாப்ள. பூட்டுப் போட்ட புது மூடி மாட்டியிருக்க. அதுல காத்து ஓட்டை இல்ல. டீசல் போகப் போக உள்ள காத்து வர வழியில்லாம, வண்டி மூச்சடைச்சு நின்னுருக்கு."

டீசலைத் திருடிவிடுவார்கள் என்று ஊரிலேயே கெட்டியான மூடியாகத் தேடி மாட்டியிருந்தேன். எந்த டிரைவரையும் நம்பாதவன் மாட்டுகிற மூடி அது. நீ டீசல் ஏற்றுகிற கைப் பம்பை நாலு தடவை அடித்து, சாவியைத் திருப்பினாய். கிளம்பிவிட்டது. குவாரி மேஸ்திரி, "மொதலாளி, திருடன் வரக்கூடாதுன்னு வண்டியவே கழுத்த நெரிச்சுட்டீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என்னைப் பார்த்து, முதல் தடவையாக.

அடுத்த மாசம் வண்டியை விற்றுவிட்டேன். நேரமில்லை என்று சொன்னேன். நீயும் நம்பினாய். உனக்கு எல்லோரையும் நம்புகிற வியாதி இருந்தது.

ஆனால் உன் வண்டியில் ஒரே ஒரு குறை இருந்தது. அந்தக் குறையில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று பேர்தான். முன் அச்சுக்கு நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியலில், அதாவது இன்ஜின் சுற்றுகிறதை வாங்கி ரெண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற உருண்டையில், பல் உடைந்து போயிருந்தது. இலாகாக்காரர்கள் அதைச் சரி செய்யாமல் முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு பின் சக்கரத்திலேயே ஓட்டியிருக்கிறார்கள். நீயும் அப்படியே ஓட்டினாய். சீட்டுப் பக்கத்தில் ஃபோர் வீல் லீவர் மட்டும் சும்மா நின்றது. அதற்கு மாசம் தவறாமல் கிரீஸ் வைத்தாய். "எதுக்குடா?" என்று கேட்டால், "இறுகிப் போச்சுன்னா, தேவைப்படுற அன்னைக்கு விழாது மாப்ள" என்பாய்.

முன் சக்கரம் இழுக்க வேண்டும், வைகை மணலில் இறக்கி ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். நீ ஆசைப்பட்டது இதுதான். பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய், வெளியூர் போக வேண்டியிருக்கும் என்று. இதற்கு மட்டும் நாலு வருஷம் அலைந்தாய். அந்த மாடலுக்கு முன்பக்கச் சாமான் புதிதாக வருவதில்லை. பழைய இரும்புக் கடைக்காரர்களிடமெல்லாம் நம்பர் கொடுத்து வைத்திருந்தாய். முன்னாலும் பின்னாலும் பல் கணக்கு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போட்டு எதையாவது உடைத்துவிடும் என்று ஒரு நாள் தாளில் படம் போட்டு விளக்கினாய். நான் தலையை ஆட்டிக்கொண்டு போனில் சரக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த விஷயம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பழைய இரும்புக் கடையில் கம்பி வடம் பார்க்கப் போனேன். குவாரி ஜீப் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முன் அச்சு முழுசாகக் கிடந்தது. உன் வண்டியை அத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தவனுக்கு அது தெரியாமல் போகுமா? கையால் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. கடைக்காரர் எடைக்கு விலை சொன்னார். வாங்கிவிட்டேன்.

வாங்கியது உனக்குத்தான். இதை நீ நம்ப வேண்டும். வண்டியில் ஏற்றும்போதுகூட உனக்குத்தான். மேலூரிலிருந்து திரும்புகிற வழியில் உன்னை நினைத்துப் பார்த்தேன். நீ அதைத் தடவிப் பார்ப்பாய். பத்மா கை தட்டும். நீங்கள் ரெண்டு பேரும் எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிப்பீர்கள். அப்புறம் மணலில் இறக்குவாய். அதற்கப்புறம் உன்னிடம் இல்லாதது என்று ஒன்றுமே இருக்காது. என்னிடம் இருப்பது எல்லாவற்றையும் காசு கொடுத்தால் எவனும் வாங்கலாம். வழியில் ஒத்தக்கடை ஊரைத் தாண்டும்போது முடிவு பண்ணிவிட்டேன். கோச்சடைக்குப் போக வேண்டிய வண்டி நேராகக் குடோனுக்குப் போனது. கிழிந்த தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தி மூலையில் தள்ளினேன்.

"மாப்ள, மேலூர்ப் பக்கம் போறியே, ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டாய், அடுத்த ஞாயிறே.

"இல்லையேடா" என்றேன்.

அப்புறம் தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை கேட்டாய். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மோர் குடித்துக்கொண்டே ஒரு தடவை கேட்டாய். மூன்று தடவையும் இல்லையேடா. மூன்றாவது தடவை கொஞ்சம் கோபமாகக்கூடச் சொன்னேன். "இரும்புக் கடையத் தவிர வேற பேச்சே கிடையாதா உனக்கு?" என்று. நீ மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல மாப்ள" என்று சிரித்தாய்.

கொடுத்துவிடலாம் என்று நினைத்த நாளும் உண்டு. இப்போதுதான் கிடைத்தது என்று ஒரு பொய்யோடு முடிந்திருக்கும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன். எனக்கு எப்போதும் சரக்கைப் பிடித்து வைத்துத்தான் பழக்கம். கார்த்திகையில் ஒரு மத்தியானம், ஆபீஸில் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தவன் அப்படியே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாய் என்று போன் வந்தது. ஐம்பத்திரண்டு வயசு. போர்ட்டிகோவில் உன்னைக் கிடத்த இடம் வேண்டும் என்று ஜீப்பைத் தள்ளி வெளியே நிறுத்தினார்கள். நான்தான் ஸ்டீயரிங் பிடித்தேன்.

பத்மா வண்டியை விற்கவில்லை. நல்ல விலைக்கு ஆள் வந்தது, நானே பேசி விடுகிறேன் என்றும் சொன்னேன். "வேணாம்ணே. முன் சக்கரம் ஓடணும்னு அவரு நெனச்சாரு. ஓட வச்சுட்டு அப்புறம் பாப்போம். மேலூர்ப் பக்கம் போனீங்கன்னா கொஞ்சம் பாருங்களேன்" என்றது. நாலாவது தடவை. இந்தத் தடவை இல்லையே என்று சொல்ல வாய் வரவில்லை. "கிடைச்சிருச்சுன்னு நெனைக்கிறேன் தங்கச்சி, பாத்துச் சொல்றேன்" என்றேன். பார் மாப்ள, அப்போதும் பாதிதான் சொன்னேன்.

ரெண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து போர்ட்டிகோவில் இறக்கினேன். ரெண்டு வருஷத் தூசியை அதற்கு முந்தின நாளே துடைத்துவிட்டேன். நேற்றுக் கிடைத்த சாமான் மாதிரி இருக்க வேண்டுமே. பத்மா சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தது. அந்த உருண்டையின் பின்பக்க மூடியிலிருந்த போல்ட்டுகளைக் கழற்றித் தட்டுக் குழிகளில் வரிசையாகப் போட்டது. எண்ணெய் வடிந்தது. உள்ளே பெரிய பல் சக்கரம் தெரிந்தது.

"நல்லாருக்குண்ணே. ஒரு பல்லுகூட உடையல" என்றது. கண் கலங்கியிருந்தது. இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் அது உள்ளே போய் உன் நோட்டையும் ஒரு சாக்பீஸையும் எடுத்து வந்தது. ஒரு பல்லில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, என்னைச் சுற்றச் சொல்லி, எண்ண ஆரம்பித்தது. உதடு மட்டும் அசைந்தது. ஒரு சுற்று முடிந்தது. மறுபடி எண்ணியது. நோட்டைப் பார்த்தது.

"முப்பத்தொம்பது வருது. நம்ம வண்டில பின்னாடி உள்ளதுக்கு நாப்பத்தி மூணு." சாக்பீஸைக் கீழே வைத்தது. "இது சேராதுண்ணே."

எனக்கு ஒரு நிமிஷம் தலைக்கு மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது மாப்ள. சேராது. அப்படியென்றால் நான் ஒன்றுமே செய்யவில்லை. உனக்கு உதவாத ஒரு இரும்பைத்தான் மறைத்து வைத்திருந்தேன். ரெண்டு வருஷமாக முழுங்கியது துரோகமே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அப்பக் குடுத்திருந்தாலும் அவனுக்கு இது ஒதவியிருக்காது, என்ன தங்கச்சி?"

பத்மா நிமிர்ந்து பார்த்தது. "அப்பன்னா எப்பண்ணே?"

முப்பது வருஷமாக வியாபாரத்தில் ஒரு வார்த்தையை வாய் தவறி விட்டவனில்லை நான். கொள்முதல் விலையைச் சம்சாரத்திடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு விட்டேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். மேலூர் கடை, ஒத்தக்கடை, குடோன், தார்ப்பாய், மூன்று தடவை இல்லையே. ஏன் என்று கேட்டது. "பொறாமை" என்றேன். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பத்மா ஜீப்பைப் பார்த்து உங்கள் பாஷையில் ஏதோ சொன்னது. உன்னிடம்தான் சொன்னது. என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கில்லை.

அப்புறம் ரொம்ப மெதுவாக, கணக்கு டீச்சர் மாதிரிச் சொன்னது. "இப்ப இருக்குற மாதிரி சேராது. ஆனா பின்னாடி உள்ளதையும் முப்பத்தொம்பதுக்கு மாத்திட்டா சேரும்ணே. பின்னாடிக்கு அது எந்த இரும்புக் கடையிலயும் கிடைக்கும். முன்னாடி உள்ளதுதான் கிடைக்கவே மாட்டேங்குதுன்னு அலைஞ்சாரு. இது அவரு கையில இருந்திருந்தா ரெண்டு ஞாயித்துக்கெழமை வேலை."

நான் தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"ரெண்டே ஞாயித்துக்கெழமை. கடைசி வரைக்கும் ரெண்டு சக்கரத்துலயே ஓட்டிட்டுப் போயிட்டாரு."

வெளியே போ என்று சொல்லும் என்று எழுந்தேன். செருப்பைப் போடப் போனேன்.

"எங்க போறீங்க?" என்றது. "நான் இத மறக்க மாட்டேன்ணே. அது வேற. இந்த எடைய என்னால ஒத்தையில தூக்க முடியாது. பின்னாடி உள்ளத நீங்களே தேடிக் கொண்டுவாங்க. வாங்குறதுக்கு முன்னாடி பல்லு எண்ணுங்க. இந்தத் தடவை நேரா இங்க வாங்க."

கொண்டுவந்தேன். மேலூரில் அதே கடையில் குத்த வைத்து உட்கார்ந்து, சாக்பீஸ் போட்டு, நானே எண்ணினேன். கடைக்காரர், "மொதலாளி, பல் டாக்டர் ஆயிட்டீங்களா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு பின்பக்கத்தைக் கழற்றி மாட்டினோம். இந்த ஞாயிறு காலையில் முன்பக்கம். பத்மா வாசித்தது, நான் அடியில் படுத்திருந்தேன். மூஞ்சியில் ஆயில் சொட்டியது. யாரும் சிரிக்கவில்லை. அந்த வேலைக்கு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "பதினேழு ஸ்பானர்", "இறுக்குங்க", "போதும்", அம்புட்டுத்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி போல்ட் இறுகி, தண்டைக் கையால் சுற்றினபோது முன் சக்கரம் ரெண்டும் அசைந்தது. அடியில் கிடந்த எனக்கு, ஐம்பத்தைந்து வயசில், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீ அனுபவித்துக்கொண்டிருந்தது இதுதானா என்று அப்போதுதான் புரிந்தது. இதை எனக்குக் காட்டத்தானே வாராவாரம் கூப்பிட்டாய்? நான் வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரியே வந்து போனேன்.

மத்தியானத்துக்கு மேல் வைகைக்குள் இறக்கினோம். தண்ணீர் இல்லை. மணல் கிடக்கிற இடமாகப் பார்த்து, பத்மா லீவரைத் தள்ளியது. சிரமமே இல்லாமல் விழுந்தது.

"ஏறுங்கண்ணே" என்றது.

"நீ ஓட்டும்மா. நான் பாக்குறேன்."

கரையில் நின்று பார்த்தேன். முதலில் பின் சக்கரம் கொஞ்சம் புதைந்தது. அப்புறம் முன் சக்கரம் மணலைக் கடித்து இழுத்தது. கன்றுக்குட்டி எழுந்து நிற்கிற மாதிரி வண்டி முன்பக்கம் தூக்கி, எழுந்து, போக ஆரம்பித்தது. நேராகப் போய், ஒரு வட்டம் அடித்து, மறுபடியும் தன் தடத்தின் மேலேயே ஏறி வந்தது. பத்மா பக்கத்து சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டியது. கரையிலிருந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. சிரித்தது மட்டும் தெரிந்தது.

பாவம் கழிந்தது, மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் எழுதினால் நீயே நம்ப மாட்டாய். நடந்ததைச் சொல்கிறேன். அழுகை வரவில்லை. வந்தது அதே பழைய எரிச்சல்தான். செத்து ஆறு மாசம் ஆன ஒருத்தனுக்காக ஒரு பெண் சாக்பீஸ் பிடித்துப் பல் எண்ணி, எவன் கெடுத்தானோ அவனையே வேலைக்கு வைத்து, போனவன் ஆசைப்பட்ட மணலில் போனவனுடைய வண்டியை ஓட்டுகிறாள். நான் போனால் என் வீட்டில் எதை எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை வெயிலில் நின்றுகொண்டு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, நன்றாக யோசித்துப் பார்த்தேன். உன் மேல் இருக்கிற பொறாமை போகவில்லை மாப்ள. போகவும் வேண்டாம். என்னிடம் இருக்கிறதிலேயே நான் விலை பேசாமல் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

அன்று வீட்டுக்குப் போய் உன் தங்கச்சியிடம், "வாற ஞாயித்துக்கெழமை கோச்சடைக்கு வாரியா?" என்று கேட்டேன். எதுக்கு என்று கேட்டாள். "மணல்ல ஓட்டின வண்டி, போல்ட்டெல்லாம் மறுபடி இறுக்கணும். வாளியில உக்காந்து ஸ்பானர் எடுத்துக் குடுக்க" என்றேன். கிறுக்குப் பிடிச்சிருச்சா என்கிற மாதிரிப் பார்த்தாள். இன்னும் பதில் சொல்லவில்லை.